சிலிகோன் இல்லாத கண்டிஷனரிலும் பட்டுபோன்ற முடி: லேபிள் படிப்பதிலிருந்து தலைக்குப் போடுவது வரை

சிலிகோன் இல்லாத கண்டிஷனருக்கு மாறியவர்கள் பலர் ஓரிரு பாட்டில்களோடு பழையதற்கே திரும்பிவிடுகிறார்கள். "முடி வைக்கோல் மாதிரி ஆயிடுச்சு" என்பதுதான் எல்லோரும் சொல்லும் காரணம். அது உண்மைதான். ஆனால் குறை சிலிகோனை விட்டதில் இல்லை, வாங்கிய விதத்தில் இருக்கிறது. பாட்டிலில் சிலிகோன் இல்லை என்று உறுதிசெய்துகொள்கிறோம். அது செய்துவந்த வேலையைச் செய்ய உள்ளே வேறு என்ன இருக்கிறது என்று பார்ப்பதே இல்லை. வெறும் தண்ணீரும் கற்றாழைச் சாறும் வாசனையும் கலந்த ஒன்றுக்கும் 'சிலிகோன் ஃப்ரீ' என்று லேபிள் ஒட்டலாம். அது முடியை மிருதுவாக்காது.

இந்த வழிகாட்டியில் பிராண்டு பெயர் எதையும் நான் சொல்லப்போவதில்லை. ஒரே பெயரில் வரும் பாட்டிலின் கலவை நாட்டுக்கு நாடு மாறும், ஆண்டுக்கு ஆண்டு மாறும். பாட்டிலில் அச்சிட்டிருக்கும் சேர்மானப் பட்டியலைப் படிக்கக் கற்றுக்கொண்டால் எந்தக் கடையிலும் நீங்களே தேர்ந்தெடுக்கலாம்.

முதல் படி: எதற்காக விடுகிறீர்கள்?

சிலிகோன் விஷம் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இணையத்தில் தேவையில்லாத பயம் நிறைய பரவியிருக்கிறது. கண்டிஷனரில் அதிகம் சேர்க்கப்படும் டைமெதிகோன் என்ற சிலிகோன் முடியின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து, முடிகள் ஒன்றோடொன்று உரசுவதைக் குறைக்கிறது, அவ்வளவுதான். அதனால் முடி கொட்டும் என்பதற்கு ஆதாரம் கிடையாது.

விடுவதற்கு நியாயமான காரணங்கள் வேறு. மெல்லிய முடிக்காரர்களுக்கு அந்தப் படலம் பாரமாகி முடி தலையோடு ஒட்டிப்போகும். சல்ஃபேட் என்ற நுரைக்கும் சோப்புப் பொருள் இல்லாத மென்மையான ஷாம்பு போடுகிறவர்களுக்கு அது முழுதாகக் கழுவப்படாமல் சேர்ந்துகொண்டே போகும். சுருள்முடிக்காரர்கள் பலர் அதை ஒதுக்குவதும் இதனால்தான். சுற்றுச்சூழலை நினைத்து விடுபவர்களும் இருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 ஜனவரி 31 முதல், கழுவிவிடும் அழகுசாதனப் பொருள்களில் டி4, டி5 என்ற இரண்டு வளையச் சிலிகோன்களும் 0.1 சதவீதத்தை எட்டக் கூடாது. அவை நீர்நிலைகளில் எளிதில் சிதையாமல் தங்கிவிடுவதுதான் காரணம்.

உங்கள் காரணம் எதுவோ அதைப் பொறுத்துத்தான் எவ்வளவு கறாராக இருக்க வேண்டும் என்பது. படிவதுதான் பிரச்சினை என்றால், பெயருக்கு முன்னால் 'பெக்' (PEG) என்று வரும், தண்ணீரில் எளிதாகக் கரையும் சிலிகோன்களை மன்னித்துவிடலாம். சுற்றுச்சூழல்தான் காரணம் என்றால் கண்டிஷனரைவிட முதலில் பார்க்க வேண்டியது ஹேர் சீரம். பட்டியலில் சைக்ளோபென்டாசிலாக்சேன் என்று வரும் டி5 பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

தினமும் ஸ்ட்ரெய்ட்டனர் வைத்து இழுப்பவர்களுக்கு என் கருத்து வேறு. சூட்டிலிருந்து காப்பதில் சிலிகோன் நல்ல வேலை செய்கிறது. சூடு வைப்பதைக் குறைக்காமல் சிலிகோனை மட்டும் விட்டால் முடிதான் பாதிக்கப்படும்.

இரண்டாம் படி: பழைய படலத்தைக் கழுவுங்கள்

பழைய சிலிகோன் முடியில் இருக்கும்போதே புதிய கண்டிஷனரைச் சோதித்தால் எந்த முடிவும் நம்பத்தக்கதாக இருக்காது. முதல் இரண்டு குளியலில் "ஆஹா, பிரமாதம்" என்று தோன்றும். அது பழைய படலம் தந்த வழுவழுப்பு. அது போனபிறகு முடி திடீரென்று முரடாகும், பழி புதிய பாட்டில் மேல் விழும்.

அதனால் ஒருமுறை நன்றாக நுரைக்கும் ஷாம்புவால் இரண்டு தடவை தேய்த்து அலசுங்கள். சோடியம் லாரெத் சல்ஃபேட் உள்ள சாதாரண ஷாம்பு போதும், தனியாக விலை உயர்ந்தது வேண்டாம். ஆனால் அந்த ஷாம்புவின் பட்டியலையும் பாருங்கள். 'சில்க்கி', 'ஸ்மூத்' என்று விற்கும் ஷாம்புகள் பலவற்றில் டைமெதிகோனோ டைமெதிகோனாலோ இருக்கிறது. கண்டிஷனரை மாற்றிவிட்டு ஷாம்பு வழியாகச் சிலிகோன் போட்டுக்கொண்டே இருப்பவர்கள் ஏராளம். சீரம், சூட்டுக்கு முன் அடிக்கும் ஸ்ப்ரே ஆகியவற்றுக்கும் இதே எச்சரிக்கை.

கழுவி முடித்தபின் முடி கொஞ்சம் முரடாக இருக்கும். அதுதான் இப்போதைக்கு உங்கள் முடியின் நிஜ நிலை, அதைத் தெரிந்துகொண்டால் தேர்வு சுலபம்.

மூன்றாம் படி: பட்டியலில் எது இருக்கக் கூடாது

இது எளிது. 'கோன்', 'கோனால்', 'சிலாக்சேன்' என்று முடியும் பெயர்களைத் தேடுங்கள். டைமெதிகோன், அமோடைமெதிகோன், சைக்ளோமெதிகோன், ஃபெனைல் ட்ரைமெதிகோன், டைமெதிகோனால், சைக்ளோபென்டாசிலாக்சேன் எல்லாம் இப்படிச் சிக்கிவிடும். 'சிலிகோன் குவாட்டர்னியம்' என்று ஒன்று உண்டு, அதன் பெயர் வேறு மாதிரி முடிவதால் தப்பிவிடும்.

இனி, தேவையில்லாமல் பயந்து ஒதுக்கப்படும் இரண்டு வகைப் பெயர்கள். செட்டைல் ஆல்கஹால், ஸ்டியரில் ஆல்கஹால், செட்டியரில் ஆல்கஹால் ஆகியவை முடியை வறளவைக்கும் ஆல்கஹால் இல்லை. மெழுகுபோல் கெட்டியான கொழுப்புப் பொருள்கள் அவை, கண்டிஷனருக்கு உடம்பே அவைதான். அதேபோல் பெஹன்ட்ரைமோனியம் மெத்தோசல்ஃபேட் என்பதில் 'சல்ஃபேட்' வந்தாலும் அது நுரைக்கும் சோப்புப் பொருள் அல்ல, முடியை மிருதுவாக்கும் முக்கியமான பொருள்களில் ஒன்று.

முன்பக்கத்தில் 'சல்ஃபேட் ஃப்ரீ, பாராபென் ஃப்ரீ' என்று பெரிதாகப் போட்டிருப்பதை வைத்துச் சிலிகோனும் இருக்காது என்று முடிவுகட்டாதீர்கள். அந்த வாக்கியத்துக்கும் சிலிகோனுக்கும் சம்பந்தம் இல்லை.

நான்காம் படி: பட்டியலில் எது இருக்க வேண்டும்

இங்கேதான் நிதானமாக நிற்க வேண்டும்.

முடியின் வெளிப்புறத்தில் இயற்கையாகவே மிக மெல்லிய கொழுப்புப் படலம் ஒன்று பிணைந்திருக்கிறது. புதிதாக வளர்ந்த முடி வழுவழுவென்று இருப்பது அதனால்தான். சாயம், ப்ளீச், ஸ்ட்ரெய்ட்டனிங், வெயில் எல்லாம் சேர்ந்து அதைக் கரைத்துவிடும். போன இடத்தில் அது மீண்டும் வளராது. அந்த இடங்களில் முடிக்கு எதிர்மின் தன்மை கூடுகிறது, தண்ணீரை அதிகம் உறிஞ்சுகிறது, பக்கத்து முடியோடு உரசிச் சிக்கு விழுகிறது. முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வளர்கிறது. இடுப்புவரை கூந்தல் உள்ளவரின் நுனி நான்கைந்து ஆண்டு வெயிலையும் சீப்பையும் பார்த்த முடி. வேர்ப்பக்கம் பட்டாக இருந்து நுனி மட்டும் சொரசொரவென்று இருப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

நல்ல கண்டிஷனர் அந்த இழந்த படலத்தின் இடத்தை அடுத்த குளியல்வரை நிரப்புகிறது. அதற்கு முதலில் வேண்டியது நேர்மின் தன்மை கொண்ட ஒரு பொருள். எதிர்மின் உள்ள சேதமான இடங்களில் அது தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் ஊற்றினாலும் முழுதாகப் போகாது. பட்டியலில் 'மோனியம்' என்று வரும் பெயர்கள் இவைதான். பெஹன்ட்ரைமோனியம் குளோரைடு, பெஹன்ட்ரைமோனியம் மெத்தோசல்ஃபேட் இரண்டும் நீளமான கொழுப்புச் சங்கிலி கொண்டவை, மிருதுத்தன்மை அதிகம் தரும். செட்ரைமோனியம் குளோரைடு இன்னும் லேசானது. 'இயற்கை' என்று விற்பவற்றில் ஸ்டியரமிடோப்ரொப்பைல் டைமெதிலமைன் இருக்கும். அதுவும் நன்றாக வேலை செய்யும், அமிலத் தன்மை வேண்டும் என்பதால் கூடவே லாக்டிக் அமிலமோ சிட்ரிக் அமிலமோ இருக்கும். இவற்றில் ஒன்றாவது பட்டியலின் முதல் ஐந்தாறு பெயர்களுக்குள் வராவிட்டால் அந்தப் பாட்டிலை வைத்துவிடுங்கள்.

இரண்டாவது, நான் சொன்ன கொழுப்பு ஆல்கஹால்கள். நேர்மின் பொருளும் இவையும் தண்ணீரில் சேர்ந்து அடுக்கடுக்கான கூழாக அமைகின்றன. கண்டிஷனரின் கெட்டித்தன்மையும் ஈரமுடியில் சீப்பு வழுக்குவதும் அதனால்தான்.

இவை இரண்டும் இருந்தால் முடி மிருதுவாகும். ஆனால் சிலிகோன் தந்த, காய்ந்த முடியில் விரல் வழுக்கிக்கொண்டு போகும் அந்தப் பட்டுத்தன்மைக்கு மூன்றாவதாக ஒன்று வேண்டும்: லேசாகப் பரவும் ஓர் எண்ணெய். பெரும்பாலான சிலிகோன் இல்லாத கண்டிஷனர்கள் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான். ஷியா வெண்ணெய், ஆமணக்கு எண்ணெய் என்று கனமானவற்றைச் சேர்த்துவிடுகிறார்கள். முடி மிருதுவாகும், கூடவே பிசுபிசுக்கும். நீங்கள் தேட வேண்டியது கோகோ கேப்ரிலேட், ஐசோஅமைல் லாரேட், டைகேப்ரிலில் ஈதர், ஐசோப்ரொப்பைல் மிரிஸ்டேட், சி13-15 ஆல்கேன், அன்டெக்கேன், ட்ரைடெக்கேன் போன்ற பெயர்கள். ஒன்று இருந்தாலும் வித்தியாசம் தெரியும். ப்ரோக்கோலி விதை எண்ணெயும் இதே காரணத்துக்காகத்தான் சேர்க்கப்படுகிறது.

நான்காவது, இருந்தால் நல்லது என்ற வகை: முடியில் ஒட்டிக்கொள்ளும் பாலிமர். பாலிகுவாட்டர்னியம் என்ற பெயரோடு ஓர் எண் சேர்ந்து வரும். அல்லது குவார் ஹைட்ராக்ஸிப்ரொப்பைல்ட்ரைமோனியம் குளோரைடு என்று வாயில் நுழையாத ஒரு பெயர் இருக்கும். அது நம் கொத்தவரை விதையின் கோந்துக்கு நேர்மின் தன்மை ஏற்றியதுதான். சுருள்முடிக்கு இது மிக உதவும்.

அளவை எப்படிக் கணிப்பது? இந்தியாவில் 2020ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகளின்படி 1 சதவீதத்துக்கு மேல் உள்ளவற்றை அதிகத்திலிருந்து குறைவு என்ற வரிசையில் எழுத வேண்டும். அதற்குக் கீழே உள்ளவற்றை எந்த வரிசையிலும் எழுதலாம். ஃபீனாக்ஸிஎத்தனால் என்ற பதப்படுத்திக்கு உச்சவரம்பு பொதுவாக 1 சதவீதம். ஆகவே அந்தப் பெயர் எங்கே வருகிறதோ, அதற்குப் பின்னால் இருப்பதெல்லாம் 1 சதவீதமோ அதற்கும் குறைவோதான் என்று வைத்துக்கொள்ளலாம். முன்பக்கம் ஆர்கன் எண்ணெய், பட்டுப் புரதம் என்று படம் போட்டிருப்பார்கள், பின்பக்கம் அவை வாசனைக்கும் பின்னால் நிற்கும். அவற்றுக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

ஐந்தாம் படி: உங்கள் முடிக்கு எது?

மெல்லிய, நேரான முடி என்றால் செட்ரைமோனியம் அல்லது ஸ்டியரமிடோப்ரொப்பைல் வகை, கூடவே லேசான எண்ணெய் ஒன்று. வெண்ணெய் வகைகள் முதல் பத்துப் பெயர்களில் வரவே கூடாது.

நம் ஊரில் அதிகம் காணும் அடர்த்தியான, அலை அலையான நீள முடிக்குப் பெஹன்ட்ரைமோனியம் கட்டாயம் வேண்டும். சாயமோ ஸ்மூத்தனிங்கோ செய்த முடி என்றாலும் அப்படியே. சுருள்முடிக்கு இதோடு பாலிமரும், சற்றுக் கனமான எண்ணெயும் தாங்கும்.

கடற்கரை ஊர்களில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கிளிசரின் பட்டியலின் இரண்டாவது மூன்றாவது இடத்தில் இருந்தால் யோசியுங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். புழுக்கமான நாளில் முடி உப்பிப் பறப்பதற்கு அதுவும் ஒரு காரணமாகலாம். புரதங்களிலும் கவனம் வேண்டும், அவை சேதமான முடிக்கு உதவும், ஆரோக்கியமான முடிக்கு அடிக்கடி போட்டால் விறைப்பாகத் தோன்றும்.

ஆறாம் படி: தண்ணீரைக் கவனியுங்கள்

எவ்வளவு நல்ல கண்டிஷனர் வாங்கினாலும் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் பாதி பலன் போய்விடும். கால்சியமும் மக்னீசியமும் முடியின் எதிர்மின் இடங்களில் போய் உட்கார்ந்துகொள்ளும். முடி மங்கும், தொட்டால் பூச்சு பூசினதுபோல இருக்கும். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம்வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லை என்றால் 600வரை. கடினத்தன்மையைச் சோதிக்கும் பட்டைகள் ஆன்லைனில் கிடைக்கும், ஒருமுறை பார்த்துவிடுங்கள். குழாய், ஷவர் வாயில் வெள்ளைப் படிவு கட்டினால் பட்டையே தேவையில்லை, விடை தெரிந்துவிட்டது.

இதற்கு வீட்டை இடித்துக் குழாய் மாற்ற வேண்டியதில்லை. பட்டியலில் டெட்ராசோடியம் இடிடிஏ அல்லது டைசோடியம் இடிடிஏ உள்ள ஷாம்புவை அவ்வப்போது போடுங்கள், அது தண்ணீரிலுள்ள உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி வினிகர் கலந்து, ஷாம்புவுக்குப் பின், கண்டிஷனருக்கு முன் ஊற்றி அலசலாம். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசி ஒரு செம்பு மட்டும் கேன் தண்ணீரோ பிடித்துவைத்த மழைத்தண்ணீரோ ஊற்றுவது இன்னும் எளிது. கடினத் தண்ணீர் வீட்டில் இதைச் செய்து பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

உண்மையான சோப்பால் செய்த ஷாம்பு கட்டிகளைக் கடினத் தண்ணீரில் தவிர்த்துவிடுங்கள். அவை காரத்தன்மை உள்ளவை, தண்ணீரின் கால்சியத்தோடு சேர்ந்து மெழுகுபோல் படியும். அதன் மேல் எந்தக் கண்டிஷனரும் நிற்காது.

ஏழாம் படி: போடும் முறை

சிலிகோன் உள்ளதை எப்படிப் போட்டாலும் ஓரளவு பலன் தரும். சிலிகோன் இல்லாததற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

ஷாம்பு போட்டு அலசியதும் முடியைக் கையால் பிழிந்து சொட்டும் தண்ணீரை எடுத்துவிடுங்கள், ஆனால் முடி நன்றாக ஈரமாகவே இருக்கட்டும். காது மட்டத்திலிருந்து கீழே தடவத் தொடங்கி, நுனிக்குத்தான் அதிகம் கொடுங்கள். தலையின் தோலுக்கு இது வேண்டாம். பகுதி பகுதியாகப் பிரித்துத் தடவி, பெரிய பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுங்கள். சீப்பு தடையில்லாமல் போக வேண்டும். போகவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, உள்ளங்கையில் முடியை வைத்து அழுத்தி அழுத்தி விடுங்கள். அதிகக் கண்டிஷனர் சேர்ப்பதைவிட அந்தத் தண்ணீர்தான் அதைப் பரப்பும். இரண்டு மூன்று நிமிடம் போதும், அரைமணி நேரம் வைப்பதால் பெரிய லாபம் இல்லை.

அலசும்போது எல்லாம் போக வேண்டும் என்று தேய்த்துக் கழுவாதீர்கள். விரலில் லேசான வழுக்கல் மிச்சமிருக்கும்போதே நிறுத்துங்கள். மெல்லிய முடி என்றால் மட்டும் முழுதாக அலசலாம். பிறகு பழைய பருத்தி வேட்டி அல்லது மெல்லிய துண்டால் ஒற்றியெடுங்கள். சொரசொரப்பான டர்க்கி டவலால் தலையை உலுக்கித் துவட்டினால் இவ்வளவு நேரம் செய்ததெல்லாம் வீண்.

வீட்டில் இருப்பவை எங்கே உதவும்?

செம்பருத்தி இலையின் வழவழப்பும் வெந்தயத்தின் கோந்தும் ஈரமுடியில் நன்றாக வழுக்கும், சிக்கெடுக்க அருமை. ஆனால் அவற்றுக்கு நேர்மின் தன்மை கிடையாது, அலசினால் பெரும்பகுதி போய்விடும். கண்டிஷனருக்கு முன்னால் போடலாம், அதற்குப் பதிலாக என்று எதிர்பார்க்க வேண்டாம்.

தேங்காய் எண்ணெய் வேறு கதை. அதிலுள்ள லாரிக் அமிலம் முடித்தண்டுக்கு உள்ளேயே புகும். 2003இல் இந்திய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டபோது, முடியிலிருந்து புரதம் வெளியேறுவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. தலைக்குக் குளிப்பதற்கு முந்தைய இரவோ, சில மணி நேரம் முன்போ நீளத்தில் தடவுங்கள். சிலிகோனை விட்டபிறகு முடியைக் கட்டிக்காக்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது.

கடைசிப் படி: இரண்டு பாட்டிலை ஒரே தலையில் சோதிப்பது

சாஷே அல்லது சிறிய பாட்டிலாக இரண்டு வாங்குங்கள். நடுவகிடு எடுத்து, ஒரே நாளில், ஒரே தண்ணீரில், இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் மற்றொன்று. வெவ்வேறு நாளில் போட்டு ஒப்பிட்டால் வானிலையும் தண்ணீரும் உங்களைக் குழப்பிவிடும். ஈரத்தில் தீர்ப்புச் சொல்லாதீர்கள். முழுதாகக் காய்ந்தபின் நுனியை விரலால் உருவிப் பாருங்கள், மறுநாள் காலை பின்னல் அவிழ்க்கும்போதும் பாருங்கள். ஒரு பக்கம் தெளிவாக ஜெயித்தால் அதை மூன்று நான்கு வாரம் தொடருங்கள்.

தொடரும்போது வரும் குறை ஒவ்வொன்றுக்கும் அடுத்த திருத்தம் வேறு. ஈரத்திலேயே சிக்கு எடுக்க முடியவில்லை என்றால் நேர்மின் பொருள் போதவில்லை, பெஹன்ட்ரைமோனியம் மேலே உள்ள வேறொன்றுக்குப் போங்கள். ஈரத்தில் நன்றாக இருந்து காய்ந்ததும் முரடானால் லேசான எண்ணெய்தான் குறைவு. பாட்டிலை மாற்ற வேண்டியதில்லை: இரண்டு மூன்று சொட்டு ஸ்குவாலேன் எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து, முடி அரை ஈரமாக இருக்கும்போது நுனியில் மட்டும் தடவுங்கள். முதல் வாரம் பட்டாக இருந்து போகப்போக மங்கினால் அது தண்ணீரின் படிவாக இருக்கலாம், வினிகர் அலசலைத் தொடங்குங்கள். பிசுபிசுத்துத் தொங்கினால் அளவைப் பாதியாக்குங்கள், அதற்கும் அடங்காவிட்டால் வெண்ணெய் வகை இல்லாத பாட்டிலைத் தேடுங்கள். தலையில் அரிப்போ சிவப்போ வந்தால் அன்றோடு நிறுத்திவிட்டு, தேவைப்பட்டால் தோல் மருத்துவரைப் பாருங்கள், பெரும்பாலும் வாசனைப் பொருளோ பதப்படுத்தியோ ஒத்துக்கொள்ளாமல் இருக்கும்.